சோயாச் சக்கை போட்ட பாத்தியில் விதை முளைக்கவில்லை, கரும்புச் சக்கை போட்டதில் கீரை மஞ்சள்: எங்கே தவறினேன்?

ஈசூன்_கீரை எழுதியது:

போன மாதம் 2ஆம் தேதி என் இரண்டு பாத்திகளிலும் ஒரே நாளில் தண்டுக்கீரையும் வெண்டையும் விதைத்தேன். விதை ஒன்று, தண்ணீர் ஒன்று, வெயிலும் ஒன்றுதான். முதல் பாத்தியில் பாதிகூட முளைக்கவில்லை. இரண்டாவதில் எல்லாமே முளைத்தது, ஆனால் மூன்றாவது இலை வந்ததும் வளர்ச்சி நின்றுவிட்டது. இப்போது மஞ்சளாக நிற்கிறது. இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று தெரிகிறது. என்ன காரணம் என்றுதான் புரியவில்லை.

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் எட்டுப் பேர் சேர்ந்து பயிர் செய்கிறோம். மண் சிவப்புக் களி. மழை பெய்தால் கால் ஒட்டிக்கொள்ளும், நாலு நாள் வெயில் அடித்தால் ஓடு மாதிரி வெடிக்கும். மூன்று வருடமாகக் கடையில் மூட்டை மூட்டையாக உரம் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டேன். போட்ட பருவத்தில் நன்றாக இருக்கும், அடுத்த பருவத்தில் பழையபடி ஓடுதான்.

பக்கத்து உணவங்காடி நிலையத்தில் சோயாப் பால் விற்கும் அங்கிள் தினமும் காலையில் இரண்டு வாளிச் சக்கையைக் குப்பையில் கொட்டுவார். ஈரமாக, வெள்ளையாக, இட்லி மாவு மாதிரி இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. 2023இல் மட்டும் சிங்கப்பூரில் 755,000 டன் உணவுக் கழிவு, அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடு. மிச்சம் எரிக்கப்பட்டு, சாம்பல் செமாக்காவ் தீவில் இருக்கும் குப்பை நிரப்பும் இடத்துக்குப் போகிறது. முக்கால் பங்குக்கு மேல் தண்ணீராக இருக்கும் சக்கையைக் கொண்டுபோய் எரிக்கிறோம், இங்கே என் மண் பசியோடு கிடக்கிறது. அதனால் அங்கிளிடம் கேட்டேன். சந்தோஷமாகக் கொடுத்தார். அதே வரிசையில் கரும்புச் சாறு கடையும் இருக்கிறது. அவர்களும் ஒரு பெரிய மூட்டை சக்கை தந்தார்கள்.

முதல் பாத்தியில் நான்கு வாளி சோயாச் சக்கையைக் கொட்டிக் கிளறி, மேலே மண் மூடினேன். இரண்டாவதில் கரும்புச் சக்கையைக் கத்தரித்து மண்ணோடு கலந்தேன். மூன்று நாள் கழித்து விதைத்தேன். ஒரு வாரத்தில் முதல் பாத்தியிலிருந்து புளித்த வாடை. கிளறினால் உள்ளே சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருக்கிறது, சின்ன ஈக்கள் மொய்க்கின்றன. இரண்டாம் மாடியில் இருப்பவர்கள் வந்து கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை, சன்னலைத் திறந்தால் அவர்களுக்குத்தான் வாடை.

இரண்டு பாத்தியையும் காப்பாற்ற வழி உண்டா? இந்தச் சக்கைகளை ஒழுங்காக உரமாக்குவது எப்படி? விட்டுவிட எனக்கு மனமில்லை.

உட்லண்ட்ஸ்_செம்பனை எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன். இரண்டாவது பாத்தியில் மஞ்சள் எங்கே தொடங்கியது? அடி இலையிலா, நுனிக் குருத்திலா? அடி இலை என்றால் நான் கீழே சொல்வது சரியாக இருக்கும்.

நான் ஜோகூரில், குளுவாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் 19 வருடம் வேலை பார்த்தவன். இப்போது மகளோடு உட்லண்ட்ஸில். ஒரு டன் பழக்குலை ஆலைக்குள் போனால் 200 கிலோவுக்கு மேல் வெறுங்குலையாக, அதாவது பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் நார்க் காம்பாக, வெளியே வரும். கூடவே பழுப்பு நிறத்தில் கழிவுநீர், குளம் குளமாக. நான் சேர்ந்த காலத்தில் வெறுங்குலையை எரித்துச் சாம்பலை மரத்தடியில் போடுவார்கள். தோட்டப்புறம் முழுக்கப் புகை. பிறகு மட்க வைக்கத் தொடங்கினார்கள், என்னை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே கற்றதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

மட்க வைக்கும் நுண்ணுயிருக்குச் சோறும் வேண்டும், குழம்பும் வேண்டும். சோறு என்பது கார்பன், குழம்பு என்பது நைட்ரஜன். ஒரு பங்கு குழம்புக்கு 25லிருந்து 30 பங்கு சோறு இருந்தால் அது நன்றாகச் சாப்பிடும். கரும்புச் சக்கையில் ஒன்றுக்கு 100க்கு மேல். வெறும் சோறு. அதை மண்ணில் புதைத்தீர்கள். சாப்பிட உட்கார்ந்த நுண்ணுயிர் குழம்பைத் தேடி மண்ணில் ஏற்கெனவே இருந்த நைட்ரஜனை எல்லாம் வழித்து எடுத்துக்கொண்டது. கீரைக்கு மிஞ்சவில்லை. நைட்ரஜன் பற்றாத செடி பழைய இலையில் இருப்பதை உருவிப் புது இலைக்கு அனுப்பும், அதனால்தான் அடி இலை முதலில் வெளுக்கும்.

சோயாச் சக்கை இதற்கு நேர்மாறு. ஒன்றுக்கு 10, 12 பங்குதான் கார்பன். குழம்பு அதிகம், தண்ணீர் அதைவிட அதிகம். மாவு மாதிரி படிந்து காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத இடத்தில் அது மட்காது, புளிக்கும். புளிப்பு அமிலமும், கூடவே கிளம்பும் அம்மோனியாவும் முளைக்கிற விதையைக் கருக்கிவிடும். பாதி விதை அப்படித்தான் போயிருக்கும்.

யோசித்துப் பாருங்கள், ஒரு பாத்தியில் இல்லாதது இன்னொன்றில் இருக்கிறது. இரண்டையும் தோண்டி எடுத்து ஒன்றாகக் கலந்து வெளியே குவித்தால் அதுதான் உங்கள் குவியல். ஆலையிலும் நாங்கள் செய்தது இதேதான். வெறுங்குலையை நார் நாராகக் கிழித்து நீள வரப்பு மாதிரிக் குவிப்போம், கழிவுநீரை அதன்மேல் தெளிப்போம். நாரில் கார்பன், கழிவுநீரில் ஈரமும் நைட்ரஜனும். இயந்திரம் வைத்துப் புரட்டப் புரட்ட, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கறுப்பாக உதிரும்.

உங்களுக்கு அளவு போட்டுப் பார்த்தேன். எடைக் கணக்கில் சோயாச் சக்கை 4 பங்கு, கரும்புச் சக்கை 2 பங்கு, காய்ந்த இலை 1 பங்கு. சோயாவில் 80 விழுக்காடு, கரும்பில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் கார்பன் கணக்கு 28 பக்கம் வரும், ஈரம் 60 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். ஈரம் கொஞ்சம் கூடுதல்தான். அதனால் சோயாச் சக்கையைத் துணியில் கட்டிப் பிழிந்துவிடுங்கள், கரும்புச் சக்கையை ஒரு நாள் வெயிலில் பரப்புங்கள். கலந்ததை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் வரலாம். ஒழுகினால் இன்னும் இலை போட வேண்டும்.

கரும்புச் சக்கையை விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். அதற்கு மேல் பொடியாக்க வேண்டாம். காற்று புக இடம் கொடுப்பது அந்த நார்தான்.

குவியல் நாலு பக்கமும் மூன்றடி, உயரமும் மூன்றடி இருந்தால் சூடு நிற்கும். சிறு வாளியில் போட்டால் மட்கும், ஆனால் சுடாது. நடுவில் 55 டிகிரிக்கு மேல் ஏறி நின்றால்தான் களை விதையும் கிருமியும் சாகும். 65ஐத் தாண்டினால் நமக்கு வேண்டிய நுண்ணுயிரே சாகத் தொடங்கும், உடனே புரட்ட வேண்டும். மழைக்குத் தார்ப்பாய் போடுங்கள். இங்கே வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. திறந்து கிடந்தால் சத்தெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும்.

பொள்ளாச்சிக்காரன் எழுதியது:

செம்பனை அண்ணன் சொன்ன சோறு குழம்புக் கணக்கு எங்கள் ஊரில் தென்னை நார்க் கழிவுக்கும் அப்படியே பொருந்தும். நான் துவாஸில் வேலை, அப்பா பொள்ளாச்சியில். கயிறு ஆலை வாசலில் நார்க் கழிவு மலை மாதிரிக் கிடக்கும். அப்படியே வயலில் போட்டால் பயிர் வெளுக்கும், அந்த அக்கா பாத்தி மாதிரியே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்த முறையில் ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வோம். 60 நாளில் கார்பன், நைட்ரஜன் கணக்கு 112க்கு 1 என்று இருந்தது 24க்கு 1 என்று இறங்கிவிடும். காளான்தான் அந்தக் கெட்டி நாரை உடைக்கிறது.

அதனால் என் யோசனை, இரண்டாவது பாத்தியைத் தோண்ட வேண்டாம். யூரியாவைத் தண்ணீரில் லேசாகக் கரைத்து ஊற்றினாலே ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். எதற்கு வேரை அறுக்க வேண்டும்?

சக்கைக்குப் பதில் தேங்காய் நார்த்தூள் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாகக் கழுவி நனைத்துப் பிழிந்த பிறகு போடுங்கள். அதில் உப்பு இருக்கும்.

தேக்கா_மாடித்தோட்டம் எழுதியது:

பொள்ளாச்சித் தம்பி சொல்வது வயலுக்குச் சரி. ஆனால் இது எட்டுப் பேர் பார்க்கும் தோட்டம். எங்கள் தோட்டத்தில் ரசாயன உரம் வேண்டாம் என்று முதல் நாளே பேசி வைத்திருக்கிறோம், பல தோட்டங்களில் அப்படித்தான். ஈசூன் தங்கை முதலில் மற்ற ஏழு பேரையும் கேட்டுவிடுவது நல்லது. யூரியா வேண்டாம் என்றால், தேநீர்க் கடையில் மிஞ்சும் தேயிலைச் சக்கையைக் காய வைத்து மேலாகத் தூவலாம். அதில் நைட்ரஜன் நிறைய. மெதுவாகத்தான் இறங்கும், அந்தக் கீரைக்குள் வேலை செய்யுமா என்றால் செய்யாது. அந்தக் கீரையை விட்டுக்கொடுத்துவிட்டு செம்பனை ஐயா சொன்னபடி தோண்டி எடுப்பதே என் கட்சி.

கோப்பித்தூள் சக்கை யாராவது கொடுத்தால் அளவாகச் சேருங்கள். நம்மூர் கோப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். மேல்நாட்டுக் காப்பிக் கடைச் சக்கையைப் பற்றி எழுதியிருப்பதை அப்படியே இதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. எறும்பு வரும்.

வாடையைப் பற்றி. இரண்டாம் மாடிக்காரர்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், குவியல் கட்டுவதற்கு முன்னாலேயே. புதிதாகச் சக்கை போடும் ஒவ்வொரு தடவையும் மேலே நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை மூட வேண்டும். வெள்ளைச் சக்கை கண்ணில் படவே கூடாது. ஈ முட்டையிட இடம் கிடைக்காது, வாடையும் இலையிலேயே தங்கிவிடும். அடியில் வடியும் நீரைப் பிடிக்க வாளி வைத்தால் அன்றன்றைக்கே கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். தேங்கினால் ஏடிஸ் கொசு. தார்ப்பாயின் மடிப்பில் நிற்கும் மழைநீரையும் தினமும் தட்டிவிடுங்கள், அதைத்தான் பலர் மறப்பார்கள்.

கடைசியாக, பொறுமை. நான் ஒருமுறை ஆறு வாரத்தில் கறுப்பாகிவிட்டதே என்று நம்பி எடுத்துப் போட்டு 30 கத்தரி நாற்றை இழந்தேன். ஆறின மாதிரி இருந்தது, உள்ளே வேலை முடியவில்லை. அன்றிலிருந்து இரண்டு சோதனை செய்யாமல் போடுவதில்லை. ஒரு பிடி உரத்தை ஈரமாக்கிப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் வைப்பேன். திறந்தால் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். புளிப்போ அம்மோனியாவோ வந்தால் இன்னும் இரண்டு வாரம். அது சரியென்றால் அடுத்து, ஒரு தட்டில் உரத்தைப் பரப்பி 50 கீரை விதை போடுவேன், இன்னொரு தட்டில் கழுவிய நார்த்தூளில் 50. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை முளைத்தால்தான் பாத்திக்கு.

ஈசூன்_கீரை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. செம்பனை அண்ணே, நீங்கள் கேட்டதும் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். அடி இலைதான். ஒரு செடி விடாமல் அடி இலைதான் மஞ்சள், குருத்து இன்னும் வெளிர்ப் பச்சை. ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

தோட்டத்தில் பேசினோம். யூரியா வேண்டாம் என்று முடிவானது. நேற்று ஐந்து பேர் சேர்ந்து இரண்டு பாத்தியையும் தோண்டினோம். சோயாப் பாத்தியில் அடியில் ஒரு படலம் அப்படியே சீஸ் மாதிரி இருந்தது, மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கரும்புச் சக்கையோடு கலந்ததும் அரை மணி நேரத்தில் வாடை பாதியாகக் குறைந்ததை எல்லோருமே உணர்ந்தோம். இரண்டாம் மாடி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் வீட்டுப் பழைய தார்ப்பாயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு சந்தேகம். சோயாச் சக்கை ஒரு நாளைக்கு 20 கிலோதான் கிடைக்கும். மூன்றடி எப்படி வரும்?

உட்லண்ட்ஸ்_செம்பனை எழுதியது:

ஐந்து நாள் சேர்த்துக் கட்டுங்கள். 100 கிலோ சோயா, 50 கிலோ கரும்பு, 25 கிலோ இலை, கூடவே நேற்றுத் தோண்டியது. சோயாச் சக்கையை மட்டும் வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள், நம் வெயிலுக்கு ஒரே இரவில் புளித்துவிடும். அன்றைக்கு வந்ததை அன்றைக்கே இலையோடு கலந்து குவியலில் ஏற்றிவிடுங்கள். இலையைத்தான் முன்கூட்டியே சேர்க்க வேண்டும். உயரம் குறைந்தால் சுற்றிலும் அட்டைப்பெட்டியை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், சூடு வெளியே போகாது. முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒரு தடவை, பிறகு வாரம் ஒரு தடவை புரட்டுங்கள். புரட்டும்போது வெளியே இருந்தது உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் இருப்பது வேகாமலே நிற்கும்.

ஈசூன்_கீரை எழுதியது:

பதினோரு வாரம் ஆகிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாராவது இதே சக்கையோடு இங்கே வந்து நிற்கலாம்.

குவியல் இரண்டரை அடி உயரம்தான் வந்தது. அட்டை கட்டினோம். நீளக் காம்புள்ள வெப்பமானி ஒன்று வாங்கிக் குத்தி வைத்தேன். மூன்றாம் நாள் 49, ஐந்தாம் நாள் 58. காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் ஆவி எழும்பும். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கையை உள்ளே விட்டுச் சட்டென்று எடுத்தார், அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை எனக்கு எழுதத் தெரியவில்லை. நான்கு நாள் 55க்கு மேல் நின்றது. இரண்டாவது வாரத்தில் ஒருமுறை மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை வந்தது, அன்று இலை குறைவாகப் போட்டிருந்தோம். ஒரு மூட்டை இலை கூட்டிப் புரட்டியதும் மறுநாளே அடங்கிவிட்டது. ஏழாவது வாரத்தில் சூடு முழுதாக இறங்கியது. தேக்கா அக்கா சொன்னதை நினைத்துக்கொண்டு இன்னும் நான்கு வாரம் தொடாமல் விட்டோம். எனக்குத்தான் அந்த நான்கு வாரம் மிகவும் கஷ்டமாக இருந்தது.

குவியல் பாதிக்கும் கீழே அமுங்கிவிட்டது. கரும்பு நார் அங்கங்கே தெரிகிறது, பிடித்தால் பொடிகிறது. சோயா எங்கே போனதென்றே தெரியவில்லை. பைச் சோதனையில் மண் வாசனை. தட்டுச் சோதனையில் நார்த்தூளில் 47 முளைத்தது, எங்கள் உரத்தில் 45.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாத்தியிலும் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மேல்மண்ணோடு ஒரு கை ஆழத்துக்குக் கலந்தோம். அன்று மாலையே நல்ல மழை. மறுநாள் ஒரு பிடி மண் எடுத்து அழுத்திப் பார்த்தேன். முன்பு கொழுக்கட்டை மாதிரிப் பிடித்துக்கொள்ளும், இப்போது விரலை எடுத்ததும் உதிர்ந்தது. இந்தச் சூட்டிலும் மழையிலும் மட்கு சீக்கிரம் கரைந்துபோகும், ஒவ்வொரு பருவமும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று செம்பனை அண்ணன் தனியாகச் செய்தி அனுப்பினார். அதனால் அடுத்த குவியலுக்கு இலை சேர்க்கத் தொடங்கிவிட்டோம். ஏழு மூட்டை ஆகிவிட்டது.

சோயா அங்கிள் இப்போது சக்கையைத் தானே பிழிந்து கட்டி வைக்கிறார். சனிக்கிழமைகளில் மூன்று வாளி வரும் என்கிறார், எங்களால் இரண்டுக்கு மேல் கலக்க முடியாது. ஈசூன், செம்பவாங் பக்கம் யாருக்காவது அந்த மூன்றாவது வாளி வேண்டுமென்றால் இங்கே எழுதுங்கள். காலை எட்டரைக்குள் எடுத்துவிட வேண்டும், காய்ந்த இலை உங்களிடம் தயாராக இருக்க வேண்டும்.